தங்கச்சிக்குக் கிடைத்த மாத்திரை

என் செல்லத் தையலு,

சும்மா முறைக்காதே. உன் தங்கச்சி மாத்திரையை நான் திருடவில்லை. ஒளித்துத்தான் வைத்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? உன் மூக்குக்கண்ணாடியை அரிசிப் பானைக்குள் வைத்தபோதும் இதையேதான் சொன்னேன். அப்போதும் நீ நம்பவில்லை.

அவள் அழுதாள், உண்மைதான். நான் சத்தம் போட்டதும் உண்மை. அதற்காக உடனே அவள் பக்கம் சாய்ந்துவிடுவதா? என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டாயா? உயிரோடு இருந்த நாளிலேயே நான் ஒரு பேச்சை முடிக்கிற வரைக்கும் நீ நின்று கேட்டதில்லை. பாதியில் முந்தானையை உதறிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாய். இன்றைக்காவது உட்கார். முழுதாகக் கேட்டுவிட்டு அப்புறம் சண்டை போடு.

உனக்குப் படையல் போடும் நாள் வந்தது. வழக்கம் போல நாலு நாள் முன்னதாகவே உன் தங்கச்சி மங்கை பூதலூரிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினாள். மாட்டைப் பார்த்துக்கொள்ளப் புருஷனை விட்டுவிட்டு வந்தாளாம். அவளுக்கு நம் வீட்டுக்கு வருவதற்கு ஒரு சாக்கு வேண்டும். நீ இருந்தபோது நீ சாக்கு. இப்போது உன் படையல் சாக்கு.

உனக்கென்று வாங்குகிற புதுச்சேலையை அவள்தான் கட்டுவாள். உன் இலையில் முதல் வாய் அவள்தான் எடுப்பாள். கூடப் பிறந்தவள், தாலியோடு இருக்கிறவள், அவளுக்குத்தான் அந்த உரிமை என்று நம் பெரியவர்கள் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். உன்னோடு குடும்பம் நடத்திய எனக்கு இரண்டாவது பந்திதான். இது என்ன நியாயம்? நீயாவது கனவில் வந்து மாற்றிச் சொல்லக்கூடாதா?

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே. வயசாக ஆக அவள் உன் மாதிரியே ஆகிக்கொண்டு வருகிறாள். அடுப்படியில் அவள் இருமினால் நீ இருமுவது போலவே இருக்கிறது. எழுந்து போய்ப் பார்க்கிறேன். அவள்தான் நிற்கிறாள். எரிச்சலாக வருகிறது. அந்த இருமலை எங்கேயிருந்து எடுத்தாள்? அது உன்னுடையது இல்லையா?

எனக்கு அவள் மேல் பொறாமை என்று நீ எப்போதும் சொல்வாய். ஆமாம், பொறாமைதான். குளிக்கும்போது மாரில் என்னவோ கட்டியாகக் கையில் தட்டுப்படுகிறது என்று நீ யாரிடம் முதலில் சொன்னாய்? பக்கத்துத் தலையணையில் படுத்திருந்த என்னிடமா? பூதலூருக்குப் போன் போட்டு அவளிடம் சொன்னாய். அக்காளும் தங்கச்சியுமாகப் பஸ் ஏறித் தஞ்சாவூருக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தீர்கள். "கண்ணு டாக்டர பாத்துட்டு வந்தோம்" என்று என்னிடம் ஒரு பொய். கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தவள் ஏன் அழுதுகொண்டு வருகிறாள் என்றுகூடக் கேட்கத் தெரியாத கட்டை நான்.

அக்காளுக்கு வந்திருப்பதால் தங்கச்சியும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும் என்று டாக்டரம்மா சொன்னார்கள். பார்த்தால் அவளுக்கும் இருக்கிறது. சின்னதாக. அவள் கைக்கே தட்டுப்படாத அளவில். உங்கள் இரண்டு பேருக்கும் மாதவிலக்கு நின்று வருஷங்கள் ஆகியிருந்தன. பெண் உடம்பின் தொல்லையெல்லாம் முடிந்தது, இனிமேல் என்ன வரப்போகிறது என்று உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தீர்கள். அப்போதுதான் வந்தது.

அடுத்த தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். அன்றைக்கு டாக்டரம்மா அறையில் நீ கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. உன் தங்கச்சி சீட்டை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாய்.

"அவளுக்கு எழுதுன மாத்திரைய எனக்கும் எழுதுங்கம்மா. ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்கதானே."

"ஒங்களோடது அந்த வகை இல்லம்மா. அவங்க கட்டி ஹார்மோன் இருந்தாத்தான் வளரும். அத நிறுத்துனா இதுவும் அடங்கும். ஒங்களோடதுக்கு ஹார்மோனே வேணாம். அந்த மாத்திர ஒங்களுக்குக் கேக்காது."

உனக்கு ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். மயிர் கொட்டியது, நகம் கறுத்தது. உனக்குக் கேட்கிற வைத்தியத்தையெல்லாம் செய்துதான் பார்த்தார்கள். ஆனால் கட்டியை எடுத்த பிறகு அது மறுபடி வராமல் வாசலில் போட்டுப் பூட்டிக்கொள்ள அவளுக்கு ஒரு தாழ்ப்பாள் இருந்தது. உனக்கு அது இல்லை.

அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு நீ என்ன சொன்னாய் தெரியுமா? "அவளுக்காவது இருக்கே." நான் அப்படிச் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. இன்றைக்கும் என் வாயில் வராது. நீ பெரிய மனுஷி. நான் சின்னப் புத்திக்காரன். ஏன் அவளுக்கு, ஏன் உனக்கு இல்லை என்று இப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். யாரும் பதில் சொல்லவில்லை. உனக்குத் தெரிந்தால் சொல்லேன்.

சரி, ஒளித்த கதைக்கு வருகிறேன்.

ஹார்மோனை அடக்குகிற அந்த மாத்திரையும், இப்போது புதிதாக எழுதிக் கொடுத்திருக்கிற கொழுப்பு மாத்திரையும் ஒரே பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தாள். காலையில் அவள் கொல்லைப் பக்கம் போன நேரம் ஹார்மோன் மாத்திரை அட்டையை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். தேடுவாள், கத்துவாள், அப்புறம் சிரிப்பாள், வீடு கொஞ்சம் வீடு மாதிரி இருக்கும். இவ்வளவுதான் என் எண்ணம்.

சாப்பிட்டாள். கொழுப்பு மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். டப்பாவை மூடினாள். எழுந்தும் விட்டாள். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

"என்ன கொழுந்தியா, ஏதோ கொறையுதே?"

"என்ன கொறையுது? சட்னி ரெண்டு தடவ போட்டேனே."

"சட்னி இல்ல. மாத்திர."

"போட்டாச்சு அத்தான். பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"அது கொழுப்புக்கு. இன்னொண்ணு?"

"அதுக்கு இன்னிக்கு முறை இல்ல. நாளைக்கு."

எனக்குப் புரியவில்லை. முறையா, மாத்திரைக்கா என்றேன். அவள் தட்டைக் கழுவிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்.

"ஆமா. ஒரு நாளு அது, ஒரு நாளு இது. ரெண்டும் ஒரே நாள்ல உள்ள போனா ஒண்ணோட ஒண்ணு அடிச்சிக்காதா? மேட்டூர்ல தண்ணி கொறஞ்ச வருஷம் நீங்கள்லாம் வாய்க்காலுக்கு முறை வெக்கலியா? அந்த ஊருக்கு நாலு நாளு, இந்த ஊருக்கு நாலு நாளு. வெளஞ்சுதா இல்லியா?"

பார்த்தாயா உன் தங்கச்சி மூளையை? வேறு ஊர்க்காரிக்கு இது தோன்றியிருக்குமா? நம் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு எந்தச் சண்டை வந்தாலும் முறை வைத்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று ஒரு எண்ணம். கோயிலில் மண்டகப்படிக்கு முறை. அண்ணன் தம்பிக்குள் அம்மாவுக்குச் சோறு போட முறை. அதே மாதிரி உடம்புக்குள்ளேயும் ஒரு முறை வைத்துவிட்டாள்.

"எத்தன நாளா இந்தக் கூத்து?"

"போன தடவ ரத்தம் எடுத்தப்ப கொழுப்பு ஏறியிருக்குன்னு சொன்னாங்கள்ல, அப்பலேருந்து."

"ஏன்டி, டாக்டரம்மா முறை வெக்கச் சொன்னாங்களா?"

"அவங்க எங்க சொன்னாங்க? இந்த மாத்திர ரத்தத்துல கொழுப்ப ஏத்தலாம், அதுக்கு இன்னொண்ணு தரேன்னு சொன்னாங்க. ஏத்தறதையும் முழுங்கு, எறக்கறதையும் முழுங்குன்னா என்ன அத்தான் அர்த்தம்? ஒரு பக்கம் எறைச்சுக்கிட்டு ஒரு பக்கம் தொறந்து வுட்ட மாதிரி. எங்கப்பா எப்புடிப் போனாரு? வரப்புல நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்தவரு எந்திரிக்கவே இல்ல. நான் அப்பா மாதிரி போவணுமா, அக்கா மாதிரி போவணுமா? நீங்களே சொல்லுங்க."

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது தையலு. நீ வாயைத் திறந்து கேட்டும் கிடைக்காத மாத்திரை. அது அவள் டப்பாவில் தூங்கிக்கொண்டிருக்கிறது. சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து அவள் முன்னால் போட்டேன்.

"இது எங்கே போச்சுன்னுகூடத் தேடல நீ! ஒங்க அக்கா இதுக்காகக் கெஞ்சுனாடி! அவளுக்குக் குடுத்திருந்தா ஒரு நாளு தவற வுட்டிருப்பாளா?"

அப்போதுதான் அழுதாள். கையை நீட்டிக் காட்டினாள்.

"இந்த வெரல மடக்குங்க பாப்போம். மடங்காது. காலையில எந்திரிச்சா கால ஊன முடியல. அது இல்லாத நாள்ல கொஞ்சம் தேவலாம் போல இருக்கு. ஒங்களுக்கு என்ன, வெளியில நின்னு கத்துவீங்க."

அவள் மூக்கைச் சிந்திப்போட்டு வந்து மறுபடியும் சொன்னாள்.

"கெஞ்சுனா, கெஞ்சுனான்னு எங்கிட்ட சொல்றீங்களே, நான் பக்கத்துலதானே நின்னேன்? ஒவ்வொரு தடவ வாயில போடறப்பவும் அவ கேட்டதுதான் காதுல வுழுது. தண்ணி எறங்குது, மாத்திர எறங்க மாட்டேங்குது. முறைன்னு வெச்சுக்கிட்டா ஒரு நாளாவது நிம்மதியா இருக்கு."

இதுநாள் வரைக்கும் அவளை எப்படி நினைத்திருந்தேன் தெரியுமா? உயிரோடு இருக்கிறாள், சேலை கட்டுகிறாள், முதல் வாய் தின்கிறாள், கொடுத்து வைத்தவள். இவளுக்கு என்ன குறை என்று. அவள் தினமும் உன்னைத் தாண்டித்தான் அந்த மாத்திரையை விழுங்குகிறாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? நீ போனதற்கு நான் மட்டும்தான் பாத்தியதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதிலும் பங்குக்கு வந்துவிட்டாள் பார்.

மறுநாள் காலையில் அவளை இழுத்துக்கொண்டு தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன். வரமாட்டேன் என்றாள். படையல் வேலை கிடக்கிறது என்றாள். "நீ வரலன்னா ஒம் புருஷனுக்குப் போன் போட்டு மாட்டையும் ஓட்டிக்கிட்டு வரச் சொல்லுவேன்" என்றேன். வந்தாள். ஜன்னல் ஓரம் கேட்டாள். கொடுக்கவில்லை. அது உன் இடம். நானே உட்கார்ந்துகொண்டேன். வழியெல்லாம் நடவு நடக்கிறது. நாற்றுக்கட்டை வீசுகிறார்கள், சேற்றில் விழுந்து நிற்கிறது. அவள் கழுத்தை நீட்டி என்னைத் தாண்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கும்பல் கும்பலாக நடவுப் பெண்கள். உன் நிறச் சேலை ஒன்று தெரிந்தது. நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள்.

அதே டாக்டரம்மாதான். தலை கொஞ்சம் நரைத்திருக்கிறது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, உட்காருங்கய்யா என்றார்கள். நான் உட்காராமலேயே கோள் சொன்னேன்.

"அம்மா, இவ மாத்திரைக்கு முறை வெச்சிருக்காம்மா. ஆத்துத் தண்ணி மாதிரி."

டாக்டரம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. மங்கை தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். விரல், கால், அப்பா, கொழுப்பு. உன்னைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அந்த அம்மா கோபப்படவே இல்லை. எனக்கு அதிலும் வருத்தம்தான். நாலு திட்டு விழும் என்று ஆசையாகப் போயிருந்தேன்.

"மாதவிலக்கு நின்னதும் சினைப்பை தன் வேலைய நிறுத்திடும்மா. ஆனா அதோட ஹார்மோன் அத்துப்போயிடாது. ஒடம்புல படிஞ்சிருக்கற கொழுப்புல, அங்கங்க கொஞ்சம் கொஞ்சமா உண்டாகிக்கிட்டே இருக்கும். ஒங்களுக்கு வந்த கட்டி அதக் குடிச்சு வளர்ற வகை. இந்த மாத்திர அது உண்டாகறதையே தடுக்குது. தெனம் போட்டாத்தான் நல்லாத் தடுக்கும்."

நான் குறுக்கே புகுந்தேன். "அப்ப அந்த ரத்தத்துல ஏறியிருக்கே கொழுப்பு, அதுலேருந்துதான் ஹார்மோன் வருதாம்மா?"

"இல்லய்யா. இடுப்புலயும் வயித்துலயும் சதையாப் போடுதே, நான் சொன்னது அது. ரத்தத்துல பாக்குற கொழுப்பு வேற கணக்கு. அது ஏறறதுக்கு இந்த மாத்திரையும் ஒரு காரணமா இருக்கலாம். வயசும் காரணம், சாப்பாடும் காரணம், இவங்க அப்பா வழியும் காரணமா இருக்கலாம். அதுக்குத்தான் ரெண்டாவது மாத்திர. ரெண்டும் ஒரே நாள்ல போடலாம்மா, சண்ட போட்டுக்காது. மூட்டு வலிக்கு ஒரு வழி பண்ணுவோம். தாங்கவே முடியலன்னா வேற மாத்திரைக்கு மாத்திப் பாக்கலாம். எதுன்னாலும் எங்கிட்ட வந்து சொல்லுங்க. நீங்களா முறை வெக்காதீங்க."

அப்புறம் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு அவளைப் படுக்க வைத்துப் பார்த்தார்கள். அந்தக் கதவு உனக்குத் தெரியும். அதே பச்சைத் திரை. அதே பெஞ்சு. உனக்காக உட்கார்ந்த பெஞ்சில் அவளுக்காக உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவளைப் பிடிக்காது, அது உனக்கே தெரியும். ஆனால் அன்றைக்குத் திரை விலகுகிற வரைக்கும் பெஞ்சில் உரிந்திருந்த பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டே இருந்தேன். ஏன் என்று நான் யோசிக்கவில்லை. நீயும் கேட்காதே.

கையில் எதுவும் தட்டுப்படவில்லை என்றார்கள். படமும் எடுத்துப் பார்த்தார்கள். புதிதாக ஒன்றும் இல்லை. எலும்பு வலுவாக இருக்கிறதா என்று பார்க்கவும் எழுதிக் கொடுத்தார்கள். மங்கை வெளியே வந்து, "காப்பி குடிப்போமா அத்தான்?" என்றாள். நீ அப்படி ஒரு நாளும் அந்தக் கதவிலிருந்து வந்து கேட்டதில்லை.

கடை வாசலில் நின்று காபி குடித்துக்கொண்டே, எனக்கு விளங்கியதை அவளுக்குச் சொன்னேன்.

"ஒனக்கு மடையே தப்பாப் புரிஞ்சிருக்குடி. நீ என்னமோ இது தண்ணி வுடற மடைன்னு நெனச்சு முறை வெச்சிருக்க. இது அடைக்கிற மடை. கோரைப்புல்லு மொளச்சுக் கெடக்கற வயத்தாக்குக்குத் தண்ணி போவாம அடைக்கறோம்ல, அது. அத ஒரு நாளு அடைச்சு ஒரு நாளு தொறந்து வுட்டா யாருக்குக் கொண்டாட்டம்? கோரைக்குத்தானே?"

அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புரியுது அத்தான். டாக்டரம்மா சொன்னப்பவே புரிஞ்சுது. புரிஞ்சது மண்டைக்குள்ள இருக்கு. தொண்டைக்குத் தெரிய மாட்டேங்குதே. நான் என்ன பண்ணுவேன்?"

அன்றைக்குச் சாயங்காலமும் டப்பாவைத் திறந்தாள், மூடினாள். மறுநாளும் அப்படியே, உன் பேச்சை எடுத்ததிலிருந்து முறை நாளில்கூட அவளுக்கு இறங்கவில்லை. நாளைக்குப் போடறேன் என்றாள். நான் கத்திப் பார்த்தேன். கேலி செய்து பார்த்தேன். அவள் புருஷனிடம் போனில் சொன்னேன், அவர் "அவ நான் சொன்னா கேப்பாளா சகல?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டார். எனக்குப் பயம் வந்துவிட்டது தையலு. டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனால் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. இவளையும் அந்தப் பச்சைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் படுக்க வைக்கிற நாள் வந்தால், உன் முகத்தில் எப்படி முழிப்பேன்?

படையல் அன்றைக்கு உனக்குப் பிடித்தது எல்லாம் செய்தாள். மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பு. கத்தரிக்காய். அதிரசம் கொஞ்சம் கல்லாகத்தான் வந்தது, உன் கை அவளுக்கு வராது. அதைச் சொல்லவும் சொன்னேன். தலைவாழை இலை போட்டு, புதுச்சேலையை மடித்து வைத்து, பூ வைத்து, வெற்றிலை வைத்தாள். எல்லாம் வைத்து முடித்த பிறகு நான் போய் பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தேன். ஹார்மோன் மாத்திரை ஒன்றை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, சோற்றுக்குப் பக்கத்தில், உப்பு வைக்கிற இடத்துக்கு அடுத்தாற்போல் வைத்தேன்.

"என்னத்தான் இது? சாமி எலையில போயி!"

"அவ ஆசப்பட்டதத்தானே வெக்கணும்? கருவாட்டுக் கொழம்ப மட்டுமா ஆசப்பட்டா? இதையுந்தான் கேட்டா. நீ பக்கத்துலதானே நின்ன?"

சூடம் காட்டினோம். நீ வந்து சாப்பிட வேண்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். நான் கதவில் காதை வைத்துப் பார்த்தேன், அவள் கையைப் பிடித்து இழுத்தாள். வாசல் வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போகிற சத்தம்தான் கேட்டது.

கதவைத் திறந்து போனோம். அவள் உன் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து இலை முன்னால் உட்கார்ந்தாள். நீல நிறம். கடையில் நான்தான் எடுத்தேன். உனக்கு எடுத்தது, அவளுக்குப் பொருந்துகிறது. அதைப் பார்த்து வயிறு எரிந்துகொண்டு நின்றேன். அவள் சோற்றில் கை வைக்கப் போனாள். மாத்திரையைப் பார்த்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

படையல் இலையில் வைத்ததை மிச்சம் வைக்கக்கூடாது. கொட்டக்கூடாது. முதல் வாய்க்காரி எதையும் ஒதுக்கக்கூடாது. அவளுக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். அதற்காகத்தான் வைத்தேன். இருந்தாலும் அவள் கை நகரவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"ஒன்னால முடியலன்னா வுடு. எந்திரிச்சுக்க. மொத வாயி நான் எடுத்துக்கறேன். எத்தன வருஷமாக் காத்துக்கிட்டு இருக்கேன்."

சொல்லிவிட்டு இலைக்குக் கையை நீட்டினேன். விளையாட்டுக்கு இல்லை தையலு. மாத்திரை மேல் எனக்கு ஆசை இல்லை, அந்த இலை மேல் இருந்தது. அவளுக்கும் அது தெரிந்துவிட்டது போல. என் மணிக்கட்டில் பளீரென்று ஒரு அடி விழுந்தது. விரல் மடங்காதவள் அடித்த அடி அது.

"கையெடுங்க! இது எங்கக்கா எல!"

மாத்திரையை எடுத்து வாயில் போட்டாள். சொம்புத் தண்ணீரைக் குடித்தாள். அப்புறம் வாயைத் திறந்து காட்டினாள், நாக்கை மேலே தூக்கி, கீழே இறக்கி. நான் நம்பமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். பிறகு உன் கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்து, இலையை வழித்துச் சாப்பிட்டாள். எனக்குச் சட்டியிலிருந்து ஒரு கல் அதிரசம் எடுத்து வைத்தாள்.

"எறங்குச்சா?" என்று கேட்டேன்.

"அக்கா சாப்ட்டா," என்றாள்.

அதிலிருந்து அதுதான் எங்கள் பேச்சு. இப்போது அவள் பூதலூரில் இருக்கிறாள். காலையில் காபி குடித்ததும் நான் போன் போடுவேன். நலம் விசாரிப்பது எல்லாம் கிடையாது. "ஒங்கக்கா சாப்ட்டாளா?" என்பேன். "சாப்ட்டா, வைங்க போன" என்பாள். வைத்துவிடுவேன். ஒரு நாள் அவள் முந்திக்கொண்டு அவளே போட்டாள். "இன்னும் ஏன் கேக்கல? அக்காவ மறந்துட்டீங்களா?" என்று என்னையே மிரட்டினாள். கொழுப்பைப் பார்த்தாயா? ரத்தத்தில்தான் இறங்கியிருக்கிறதாம். வாயில் இறங்கவில்லை.

வலி அடியோடு போகவில்லை. வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்துப் பார்க்கிறார்கள். காலையில் மாட்டுக்கொட்டகையைச் சுற்றி நடக்கிறாளாம். விரலைச் சுடுதண்ணீரில் வைத்து மடக்குகிறாளாம். எல்லாவற்றையும் எனக்குப் பொறாமை வருகிற மாதிரியே சொல்கிறாள். நீ நடந்திருந்தால் நானும் கூட நடந்திருப்பேன், இல்லையா?

நம் பேச்சை ஒட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிற பெண்பிள்ளைகளுக்கு உன் சார்பாக ஒன்று சொல்லிவிடுகிறேன். கையில் ஏதாவது தட்டுப்பட்டால் தங்கச்சியிடம் சொல்லுங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். வீட்டில் கிடக்கிற கிழவனிடமும் சொல்லுங்கள். அவனை விட்டுவிட்டுக் கண் டாக்டர் கதை சொல்லாதீர்கள். ஆயுசு பூரா அதையே சொல்லிக்கொண்டு கிடப்பான்.

இப்போது உனக்கு ஒரு சத்தியம். நான் இருக்கிற வரைக்கும் ஒரு காலையும் தவற விடாமல் உன் தங்கச்சிக்குப் போன் போடுவேன். அவள் திட்டினாலும் போடுவேன், அழுதாலும் போடுவேன். தங்கச்சிப் பாசத்தில் உருகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நான் கணக்கோடுதான் செய்கிறேன். அவள் அங்கே சீக்கிரம் வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? இரண்டு பேரும் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, நான் வரும்போது இடமில்லை என்பீர்கள். அது நடக்காது. அவள் கிழவியாகி, பல் எல்லாம் கொட்டி, என்னைவிட ரொம்ப நாள் கழித்துத்தான் வரவேண்டும். அது வரைக்கும் உன் பக்கத்து இடம் எனக்கு மட்டும். இரண்டாவது பந்தி எல்லாம் இங்கேயே முடிந்துவிட வேண்டும். அங்கே முதல் வாய் எனக்குத்தான், தையலு. இன்னும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். அன்றைக்குப் பஸ்ஸில் நீ "அவளுக்காவது இருக்கே" என்று சொன்னாயே, அதற்கு நான் பதில் சொல்லவில்லை அல்லவா, அதை இப்போது...

எழுந்துவிட்டாயா? முந்தானையை உதறுகிறாயே. அடுப்பில் என்னடி வைத்திருக்கிறாய் அங்கே?

போ, போ. வந்து சொல்லிக்கொள்கிறேன்.

உன் அத்தை மகன், தாலி கட்டியும் இரண்டாவது பந்திக்காரன்,
கோவிந்தராசு